வெந்த கையில் விழுந்த அருவி

என் வலது கை தானாக எழும்புவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஒரு பயிற்சிக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கைகளும் மடியில் இருந்தன. முதலில் வலது மணிக்கட்டு லேசாகத் துடித்தது. பிறகு சுண்டுவிரல் மடியை விட்டுப் பிரிந்தது. அதன்பின் கை முழுவதும் விட்டு விட்டு, படியேறப் பழகும் குழந்தை மாதிரி, மேலே போனது. நான் தூக்கவில்லை. இறக்கவும் மனம் வரவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தென்காசியில் பதினெட்டு வருடங்களாக பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துவந்தேன். ஒரு கை எழும்ப எந்தத் தசை சுருங்க வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும், எந்த நரம்பு வழியாக உத்தரவு போக வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அத்தனையும் எனக்குள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. உத்தரவு போட்டது யார் என்பது மட்டும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஹிப்னாசிஸ் பயிற்சி தந்தவர் ஒரு மனநல ஆலோசகர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆடும் கடிகாரமோ, உருட்டி விழிக்கும் கண்ணோ அவரிடம் இல்லை. குழம்பு வைக்கும் பக்குவத்தைச் சொல்கிற குரலில்தான் பேசினார். “உங்க ரெண்டு கையில எது கொஞ்சம் லேசா இருக்கு?” என்று கேட்டார். வலது என்றேன். “சரி, மிச்சத்த அந்தக் கையே பாத்துக்கட்டும்” என்றார். அவ்வளவுதான் சொன்னது.

எல்லாம் முடிந்த பிறகு, “எப்படித் தூக்குனீங்க?” என்று அவரைக் கேட்டேன்.

“நான் உங்களத் தொடவே இல்லையேக்கா. தூக்குனது நீங்கதான். உங்ககிட்டச் சொல்லாமத் தூக்கிட்டீங்க.”

உண்மையில் அந்தப் பயிற்சிக்கு நான் போனது ஆர்வத்தால் அல்ல, அலுப்பால். என் வேலையில் பாதி நேரம் மூட்டோடு அல்ல, பயத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். நான் கை வைக்கும் முன்பே ஆட்கள் உடம்பை இறுக்கிக்கொள்வார்கள். இறுகிய தசையை இழுத்தால் வலிக்கும். வலித்தால் இன்னும் இறுகும். எங்கள் தெருவிலேயே பல் மருத்துவம் பார்க்கும் தோழி ஒருத்தி, ஊசியைப் பார்த்ததும் எழுந்து ஓடுகிற ஆட்களைப் பேசியே உட்கார வைப்பதைக் கவனித்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். மதுரை விலாசத்தைத் தந்தாள்.

ஒரு வருடம், மாதத்தில் இரண்டு வார இறுதிகள் ரயிலில் போய்வந்தேன். ஹிப்னாசிஸ் என்பது மயக்கம் அல்ல, தூக்கமும் அல்ல என்று முதல் நாளே சொன்னார்கள். பேருந்தில் ஜன்னலோரம் எதையோ நினைத்தபடி வந்து இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிறோமே, அந்த நிலைதான். ஆனால் வீட்டில் ஒத்திகைக்குக் கிடைத்தவர் என் கணவர். நான் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தால் ஏழிலேயே குறட்டை கேட்கும்.

“எப்படி இருந்துச்சு?” என்று எழுப்பிக் கேட்பேன்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு, ஏட்டி. நாளைக்கும் எண்ணு” என்பார்.

சான்றிதழ் வாங்கிய பிறகும் நான் தனியாக போர்டு எதுவும் வைக்கவில்லை. எப்படியோ செய்தி பரவிவிட்டது. சிவகிரியிலிருந்து ஒரு பெரியவர், வெள்ளை வேட்டியும் கக்கத்தில் பையுமாக வந்தார். அவர் மகன் ஒரு பெண்ணை விரும்புகிறானாம். அவளை அவன் மறக்கும்படி நான் செய்ய வேண்டுமாம்.

“அண்ணாச்சி, அப்படியெல்லாம் செய்ய முடியாது. முடிஞ்சாலும் நான் செய்ய மாட்டேன்” என்றேன்.

“அப்போ எதுக்குத்தான் படிச்சிய?” என்று கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

முதல் ஆறேழு மாதங்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் சிலர் வந்தார்கள். பரீட்சை என்றால் வாந்தி எடுக்கும் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். சிலருக்குக் குணம் தெரிந்தது. பல வருட முதுகுவலியோடு வந்த ஓர் ஆசிரியைக்கு நான்கு முறை செய்தும் ஒரு மாற்றமும் இல்லை. அதை அவரிடம் சொல்லி நிறுத்திவிட்டேன். நான் கற்றது ஒரு நல்ல தலையணை மாதிரி, இருந்தால் சுகம், இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுப் புரட்டாசியில் அவள் வந்தாள்.

பண்பொழிக்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். குற்றாலம் ஐந்தருவியில் அவளும் அவள் கணவரும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டிருந்தார்கள். அந்த வருட அருவி சீசனில் அடித்த காற்றில் கடையின் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு, அதைக் கட்டியிருந்த கழி எண்ணெய்ச் சட்டியின் மேல் விழுந்தது. காயைச் சீவிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்த அவள் வலது கையில் மணிக்கட்டு முதல் விரல்கள் வரை கொதிக்கும் எண்ணெய். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டு வைத்திருந்தார்கள். ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தது. ஆனால் புறங்கைத் தோல் சுருங்கி, விரல்கள் பின்பக்கமாக விறைத்து நின்றன. உள்ளங்கையை மூட முடியாது. கரண்டி பிடிக்க முடியாது. இடது கையில் ஸ்பூனை வைத்துச் சாப்பிட்டாள். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவதாகச் சொன்னாள்.

அந்த விரல்களைத் தினமும் மடக்கி மடக்கித்தான் பழக்க வேண்டும். வேறு வழியில்லை. முதல் நாள் நான் தொட்டதுமே அவள் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாம் நாள் சத்தம் போடக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குச் சத்தமே பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அவளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஹிப்னாசிஸ் முயன்று பார்க்கலாமா என்று கேட்டேன். “பாருங்க. ஆனா வலியே தெரியலன்னு தோல் கிழியுத வரைக்கும் இழுத்துராதீங்க” என்றார். அதே வார்த்தையை அவளிடமும் சொன்னேன். எல்லை மீறினால் தெரிகிற வலி எப்போதும் தெரிய வேண்டும் என்றேன். சரி என்றாள்.

மறுநாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பயிற்சியில் எழுதித் தந்ததை அப்படியே தொடங்கினேன். கண்களை மூடச் சொன்னேன். கடற்கரை. மெல்லிய அலை. காலுக்கடியில் மணல். அவள் நெற்றி சுருங்கிக்கொண்டே வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டாள்.

“மேடம், நான் கடல ஒரே ஒரு தடவதான் பாத்துருக்கேன். திருச்செந்தூர்ல. அங்கன என் செருப்பு காணாமப் போயிட்டு. இவ்வளவு நேரமும் செருப்பத்தான் தேடிக்கிட்டு நின்னேன்.”

இருவரும் சிரித்துவிட்டோம். அவள் என் அறையில் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. நான் காகிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டேன்.

“சரி, நீங்களே சொல்லுங்க. எங்கன இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்?”

“அருவியிலதான்” என்றாள், யோசிக்காமல். “காலைல, கடை தெறக்கதுக்கு முந்தி. கூட்டம் வராத நேரம்.”

“இப்ப அங்க போங்க. போய் என்ன பாக்கீங்கன்னு சொல்லுங்க.”

அவள் கண்ணை மூடினாள். நான் எதையும் எண்ணவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். பதில்கள் மெதுவாக வந்தன. போகப் போக வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. பெண்கள் குளிக்கும் பக்கம் யாருமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள். பாறையில் குரங்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சாரல் முகத்தில் படுகிறது.

“உடனே உள்ள போக மாட்டேன்” என்றாள். “முதல்ல கைய மட்டும் நீட்டுவேன். குளிரு தாங்காது. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தா மரத்துப் போவும். அதுக்கப்புறந்தான் தலைய குடுப்பேன்.”

“எந்தக் கைய நீட்டுவீங்க?”

“சோத்துக் கைய.”

“நீட்டுங்க” என்றேன்.

வலது கை தலையணை மேல் இருந்தது. அது அசையவில்லை. ஆனால் அவள் தோள்கள் குறுகின. மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்தாள், குளிர்ந்த நீர் மேலே பட்டால் இழுப்போமே, அப்படி. இடது கையில் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாகக் குத்திட்டு எழுந்தன. வெளியே புரட்டாசி வெயில் கொளுத்துகிறது. அறையில் ஏசி இல்லை. அவளுக்குக் காற்று படக் கூடாதென்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தேன். என் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

அவளது வலது விரல்களைத் தொட்டேன். சில்லென்று இருந்தன.

என் பிரமையாக இருக்கும் என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. மறுபடியும் அவள் விரலைத் தொட்டேன். என்னிடம் பல வருடங்களாக உதவிக்கு இருக்கும் அக்காவைச் சைகை காட்டி அழைத்தேன். அவர் வந்து இரண்டு விரலால் தொட்டுவிட்டு, சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏ யம்மா, ஐஸ்ல வச்ச கணக்கா இருக்கு” என்று கிசுகிசுத்தார்.

நான் ஆள்காட்டி விரலை மெல்ல மடக்கத் தொடங்கினேன். வழக்கமாக அவள் அலறும் இடம் வந்தது. நின்றேன். “என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“நீங்க மடக்குதது தெரியுது” என்றாள் அமைதியாக. “வலியும் இருக்கு. தண்ணி சத்தத்துல சரியாக் கேக்கல.”

வலியைக் கேட்கிற பொருளாக அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அன்று ஒவ்வொரு விரலும் முந்தின நாள் நின்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போனது. கண்ணைத் திறந்ததும் அவள் முதலில் செய்தது, சேலையைத் தொட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்ததுதான்.

அவள் போன பிறகு அன்றைய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். எத்தனை பாகை மடங்கியது என்று எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. கிட்டத்தட்ட இருபது வருடங்களாக உடம்பை நெம்புகோல்களும் கயிறுகளுமாகப் பார்த்துப் பழகியவள் நான். ஒன்பது கிலோமீட்டருக்கு அப்பால், அந்த வெயிலில் நூலாக வழிந்துகொண்டிருக்கும் ஓர் அருவி, ஒரு பெண் அதை நினைத்ததற்காக என் அறைக்கு வந்து அவள் ரத்தக்குழாய்களைச் சுருங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அக்கா போட்டுத் தந்த காப்பியை ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் வாரம் நான்கு நாள் வந்தாள். பண்பொழியிலிருந்து பேருந்தில் வந்து, சேலைக்குள் கையை மறைத்தபடி படியேறுவாள். எங்களுக்கு ஒரு வரிசை பழகிவிட்டது. கம்பி, பாறை, சாரல், கை. விரல்கள் இளகிக்கொண்டே வந்தன. எனக்குக் கொஞ்சம் மிதப்பும் வந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எது சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என நினைக்க ஆரம்பித்தேன்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் இரண்டு நாள் விடாமல் பெய்ததில் குற்றாலத்து அருவிகளில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டார்கள். அன்றும் அவள் நனைந்துகொண்டே வந்தாள். நான் எப்போதும்போலத் தொடங்கினேன். கம்பியைப் பிடிங்க, அந்தப் பாறையப் பாருங்க, கைய நீட்டுங்க.

அவள் விரல்கள் குளிரவில்லை. முகம் வெளிறியது. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது.

“தண்ணி கூடிட்டு, மேடம்.”

“பரவால்ல, நீங்க பத்திரமா…”

“இல்ல, செக்கச் செவேல்னு வருது. கல்லு உருண்டு வருது. நான் கம்பிய விடப் போறேன்.”

வெளியில் நடப்பது உள்ளேயும் நடக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை. அது என்னுடைய அருவி இல்லையே. அவளுடையது. அங்கே எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று நான் சொல்லி அது கேட்காது. கண்ணைத் திறக்கச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பயத்தோடு எழுப்பினால் அவள் மறுபடி கண்ணை மூடவே மாட்டாள் என்று தோன்றியது. மதுரையில் கற்ற எதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. தெரியாததை ஊர்க்காரியிடம் கேட்பதுபோல அவளிடமே கேட்டேன்.

“தண்ணி கூடுனா நீங்க என்னம்மா செய்வீங்க?”

“கடையப் பூட்டிட்டு மேல ஏறி நின்னுக்கிடுவேன்.”

“ஏறுங்க. நானும் கூட வாரேன்.”

பொறுத்திருந்தேன். அவள் கால்விரல்கள் போர்வைக்குள் அசைந்தன. ஒவ்வொரு படியாக ஏறுகிறாள் என்று புரிந்தது. மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது.

“எங்கன நிக்கீங்க?”

“மேல. எல்லாம் தெரியுது. கடை தெரியுது. தண்ணி கீழ போவுது.” கொஞ்சம் நிறுத்தி, “கையும் கீழதான் இருக்கு” என்றாள்.

அவள் பக்கம் குனிந்தேன். “யாரு கை?”

“என் கைதான். அது பாட்டுக்கு அங்கன கெடக்கு. நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க.”

உடம்பை விட்டுத் தள்ளி நின்று வலியைப் பார்க்கிற ஒரு முறை உண்டு என்று படித்திருக்கிறேன். அதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கே செய்யத் தெரியாது. வெள்ளம் வந்ததும், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அவள், அதைத் தானே கண்டுபிடித்துப் படியேறிப் போய்விட்டாள். நான் அவள் விரல்களைப் பிடித்தேன். அவசரப்படாமல், தோல் வெளுக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மடக்கினேன். நடுவிரலின் நுனி உள்ளங்கையைத் தொட்டது. எண்ணெய் விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக.

அதற்குமேல் எனக்குத் தைரியமில்லை. “போதும்மா, இறங்கி வாங்க. மெதுவா. கைய எடுத்துக்கிட்டு வாங்க” என்றேன்.

மூடிய கண்ணோடு அவள் சிரித்தாள். “விட்டுட்டா வருவேன்?”

மறுநாள் மதுரைக்குக் கூப்பிட்டு என் பயிற்சியாளரிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“மேல ஏறச் சொல்லி நீங்க சொன்னீங்களாக்கா?” என்று கேட்டார்.

“இல்ல. என்ன செய்வீங்கன்னு கேட்டேன்.”

“இத்தன வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல” என்றார். கற்றுக்கொடுக்கிற குரல் அதில் இல்லை. என்னைப் போலவே அவரும் வாய் பிளந்து நிற்கிறார் என்பது எனக்கு ஆறுதலாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மார்கழி நடுவில் ஒருநாள் அவள் படியில் வேகமாக ஏறி வந்து, நேற்று ராத்திரி ரசஞ்சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன் என்றாள். அவள் மகள்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்களாம். பங்குனியில் கத்தி பிடித்தாள். அடுத்த சீசனுக்குக் கடை திறந்தார்கள். கணவர் பொரிக்கிறார், அவள் காய் சீவுகிறாள், நிறுத்துப் பொட்டலம் போடுகிறாள். எல்லாம் சரியாகிவிடவில்லை. சுண்டுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்பதில்லை. அந்தப் பயத்தையும் போக்கிப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். “வேண்டாம் மேடம், அந்தப் பயம் இருந்துட்டுப் போவட்டும்” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது என்னிடம் எழுதிவைத்த காகிதம் எதுவும் கிடையாது. யார் வந்தாலும் எங்கே இருந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இடது முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருந்தார்கள். பயத்தில் காலை மடக்கவே மறுத்தார். அவரிடமும் கேட்டேன்.

“செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு ஏத்தத்துல” என்றார். “சிமெண்டு லோடு. பனி. முன்னால வண்டி கெடையாது.”

“நான் கூட வரலாமா அண்ணாச்சி?”

“ஏறிக்கோங்க. பேசாம வரணும்.”

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வளைவு வந்திருக்க வேண்டும். அவர் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வலது கை காற்றில் எதையோ பிடித்தது. அப்புறம், இரண்டு வாரமாகக் கட்டைபோல நீட்டிக் கிடந்த இடது கால், பாதத்தை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, முழங்காலை மடக்கி எழும்பி, கிளட்சை மிதித்தது.